கே. பி. சுந்தராம்பாள்: பாட்டைக் கழித்துப் பார்த்தால்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் மேட்டுப்பாளையத்திலும் காரமடையிலும் கே. பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்காமல் தெருவில் நடக்க முடியாது. குருந்தமலை அடிவாரத்தில் அந்தக் குரல்தான். பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தோடு செல்லும் வண்டியிலும் கோயில் வாசலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும் அதே குரல்தான். அவரைத் தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் அவர் நடித்த ஒரு படத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேட்டவர்கள் ஆயிரம் பேர் என்றால் பார்த்தவர்கள் பத்துப் பேர் தேறுவார்களா என்பது சந்தேகம். அதனாலேயே ஒரு தீர்ப்பு விசாரணை இல்லாமல் நிலைத்துவிட்டது. அவர் பாடகி. சினிமா அந்தப் பாட்டைப் படம்பிடிக்கக் கிடைத்த சாக்கு. நடிப்பு என்று வந்தால் சாவித்திரி, பத்மினி, பானுமதி என்றுதான் பேச வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் பக்தியால் மறுத்துவிட முடியாது. பாட்டைக் கழித்துவிட்டு, மீதியிருப்பது நடிப்புத்தானா, எவ்வளவு, எந்தத் தரத்தில் என்று பார்த்தால்தான் அவருக்கும் நியாயம், சினிமாவுக்கும் நியாயம்.

மேடையில்தான் தொடங்க வேண்டும். 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த குடும்பம். தாய் பாலாம்பாள் வறுமையில் வளர்த்தார். ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமியை நாடகக்காரர்கள் கண்டெடுத்தார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து குழந்தை வேடங்களில் வளர்ந்தார். இலங்கை மேடைகளில் பெயர் வாங்கினார். கொழும்பில்தான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறினார். 1927-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி என்று நோட்டீஸ் ஒட்டினால் போதும், அந்த ஊரில் அன்றிரவு யாரும் தூங்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் குரலைப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மைக் இல்லாத மேடை, கடைசித் தரை டிக்கெட்டுக்காரருக்கும் எட்ட வேண்டும், அதனால் அந்தக் கணீர் குரல் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் வள்ளி திருமணம் அன்று என்ன மாதிரி நாடகமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் உயிர் தர்க்கத்தில் இருந்தது. நாரதரோடு ஒரு தர்க்கம், வேலனோடு ஒரு தர்க்கம். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் சந்திப்பு. எதிராளி பேச்சை எந்தத் திசைக்கு இழுத்தாலும் கூடவே போய், பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு, மடக்கிப் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் விசில் பறக்கும். இப்படிப்பட்ட பட்டறையில் உருவாகிறவருக்கு முகபாவத்தை விடப் பதில் சொல்லும் வேகம்தான் முதலில் கைவரும். எதிரில் நிற்பவரை உற்றுக் கேட்பதும், அவர் முடிக்கும்போதே எங்கே பிடிக்கலாம் என்று பார்ப்பதும், பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று தெரியாதபடி மாற்றுவதும் அந்த நடிப்பின் அடிப்படைகள். சுந்தராம்பாள் நடிகையா என்று கேட்பதைவிட, இந்த வகை நடிகையைச் சினிமா எப்போதெல்லாம் புரிந்துகொண்டது என்று கேட்பதுதான் பொருத்தம். அவருடைய வெற்றியும் தோல்வியும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட நிரம்பவில்லை. அதற்கு முன்பே இருவருக்கும் இடையில் மனத்தாங்கல் முற்றிப் பிரிந்திருந்தார்கள். ஆனாலும் இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். காங்கிரஸ் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவரைத் தலைவர்கள், குறிப்பாகச் சத்தியமூர்த்தி, வற்புறுத்தி மீண்டும் நாடகத்துக்கு அழைத்து வந்தார்கள். இந்தத் துறவைப் புகழாத கட்டுரை இல்லை. எனக்கு அதைப் புகழத் தோன்றவில்லை. ஒரு பெண் தன் துக்கத்தை எப்படிச் சுமக்கிறாள் என்பது அவள் உரிமை. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கலைக்கணக்கில் அது பெரிய இழப்பு. தமிழ் சினிமா பேசத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. மேடையில் வேலனை வாயடைக்க வைத்த அந்த வள்ளியை, குறும்பும் கோபமும் காதலும் உள்ள அந்த இளம்பெண்ணை, ஒரு கேமராவும் பார்க்கவில்லை. பிறகு வந்த பாராட்டுகள் எல்லாமே அந்த வெள்ளைச் சேலைக்குச் சேர்த்துத்தான் வந்தன. ரசிகர்கள் அவரை வணங்கினார்கள். வணங்கப்படுகிறவருக்குப் புதிய வேடம் தர யாருக்கும் துணிவு வராது.

1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ இதற்கு முதல் சாட்சி. நடிக்க மனமில்லாமல், கேட்டவர் ஓடிவிடட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் ஹஸன்தாஸ் சரி என்றுவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்பது நம்ப முடியாத தொகை. மாணிக்லால் டாண்டன் இயக்கினார். சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார், சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். ஆண் வேடம் போடுவது மேடைப் பெண்களுக்குப் புதிதல்ல. ஆனால் படம் எதிர்பார்த்தபடி எடுபடவில்லை. கல்கி ஆனந்த விகடனில் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆண் வேடம் பொருந்தவில்லை என்பதுதான் அன்றைய முக்கியக் குறை. எனக்குக் காரணம் வேறாகப் படுகிறது. நந்தன் கெஞ்ச வேண்டியவன். வேதியர் முன்னால் குனிந்து, உத்தரவு கேட்டுக் காத்து நிற்க வேண்டியவன். சுந்தராம்பாளின் குரலில் இல்லாத ஒரே குணம் கெஞ்சல். கடவுளிடம் பாடும்போதுகூட அது உரிமைக்குரல். நந்தன் சரித்திரத்தில் அவருக்குப் பொருந்தியிருக்கக்கூடிய பாத்திரம் ஒன்று உண்டென்றால் அது வேதியர்தான். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

உலகத்தில் வேறு யாருக்கும் இந்தச் சிக்கல் வரவில்லையா? எகிப்தின் உம் குல்தூமைச் சிறுமியாக இருந்தபோது தந்தையே பையன் வேடம் போட்டுப் பாட வைத்தார். வளர்ந்து அரபு உலகத்தின் குரலானார். 1936 முதல் 1947 வரை ஆறு படங்களில் நடித்து, சினிமாவை விட்டுவிட்டுக் கச்சேரி மேடையோடு நின்றார். நம் எம். எஸ். சுப்புலட்சுமியும் ‘சேவாசதனம்’ தொடங்கி ‘மீரா’ வரை நடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இருவரும் சினிமா தங்களுக்கு வேண்டாம் என்று போனவர்கள். அமெரிக்காவில் எத்தல் வாட்டர்ஸ் வேறு வழியில் போனார். ப்ளூஸ் பாடகியாகத் தொடங்கியவர், ஐம்பதைத் தாண்டிய வயதில் ‘பிங்கி’, ‘தி மெம்பர் ஆஃப் த வெட்டிங்’ போன்ற படங்களில் பாட்டை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பேச்சாலும் உடம்பாலும் நடித்து மதிப்புப் பெற்றார். பாட்டு முக்கியமில்லாத ஒரு பாத்திரத்தை நம்பிக் கொடுக்க அங்கே சிலர் இருந்தார்கள். 1940-இல் ‘மணிமேகலை’க்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் திரைக்கு வராதிருந்த சுந்தராம்பாளுக்கு, அவர் திரும்பிய பிறகும் அப்படி ஒருவர் அமையவே இல்லை.

திரும்பிய படம் 1953-இன் ‘ஔவையார்’. ஜெமினி எஸ். எஸ். வாசன் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டி எடுத்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். படம் வெளியானபோது நாடே கொண்டாடியது. ராஜாஜி மட்டும் தம் நாட்குறிப்பில் அதைக் குறைவாகவே மதிப்பிட்டார் என்பது பின்னால் தெரிய வந்தது. படத்தைப் பொறுத்தவரை நான் ராஜாஜி பக்கம். அது ஒரு கதையாக நகரவில்லை. அற்புதங்களைக் கோத்த மாலையாக நிற்கிறது. யானைக்கூட்டம் கோட்டையை முட்டித் தகர்க்கும் புகழ்பெற்ற காட்சியில் பிரமாண்டம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நடிகைக்கு வேலை என்ன? பாடிவிட்டு யானைகளுக்கு வழிவிடுவதுதான். சுப்புவின் கேமரா அவரை எதிரே நின்று கும்பிடுகிறது, பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை.

ஆனாலும் அதே படத்தில், எதிரில் ஒரு மனிதர் நின்று வாயாட வரும் இடங்களில் எல்லாம் சுந்தராம்பாள் உயிர் பெற்றுவிடுகிறார். நாவல் மரத்துச் சிறுவனிடம் தோற்கும் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் முடிவு தெரிந்த கதை. அதைச் சுவாரசியப்படுத்துவது அவர் சிறுவனைக் கேட்கும் விதம். முதலில் கிழவிக்குரிய அலட்சியம், பிறகு சின்ன எரிச்சல், பிறகு தமிழால் தன்னை ஒருவன் மடக்கிவிட்டான் என்ற அதிர்ச்சி, கடைசியில் அந்தத் தோல்வியிலேயே ஒரு சந்தோஷம். இந்த நான்கும் வரிசையாக வருகின்றன. பாட்டு இங்கே எதையும் தாங்கவில்லை. தர்க்க மேடையில் ஆயிரம் இரவு நின்ற ஒருவருக்குத்தான் தோற்பதை இவ்வளவு நுட்பமாக நடிக்கத் தெரியும்.

அந்தப் படத்தில் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. இளம் ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. கல்யாணம் நெருங்கும்போது அந்தப் பெண் பிள்ளையாரிடம் தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறாள். வேண்டுதல் பலித்ததும் திரையில் சுந்தராம்பாள் வந்து நிற்கிறார். இருபது ஆண்டு கழித்து 1973-இல் ஏ. பி. நாகராஜனின் ‘காரைக்கால் அம்மையார்’. அதில் புனிதவதி லட்சுமி. அழகைக் களைந்துவிட வேண்டுகிறாள், களைந்ததும் மறுபடி சுந்தராம்பாள். ஓர் இளம்பெண் தன் இளமையை வேண்டாம் என்று உதறினால் யாராக மாறுவாள் என்ற கேள்விக்குத் தமிழ் சினிமா இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னது. இருபத்தைந்தில் வெள்ளை உடுத்திய பெண்ணின் சொந்த வாழ்க்கையை அது இரண்டு முறை புராணமாக எடுத்தது. இதில் மரியாதையும் இருக்கிறது, கொடுமையும் இருக்கிறது. ஆசை, குடும்பம் இரண்டையும் கடந்துவிட்ட பெண்ணுக்குத்தான் அரசனை அதட்டவும் ஆண்டவனோடு வழக்காடவும் அனுமதி. இளமை இருக்கிறவரை அந்த வாய் அவளுக்குக் கிடையாது. வள்ளியாக இருந்தபோதே அந்த வாய் சுந்தராம்பாளிடம் இருந்தது. அது சினிமாவுக்குத்தான் தெரியவில்லை.

சாவித்திரியோடு அவரை ஒப்பிட வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரே படம் போதும். 1965-இன் ‘திருவிளையாடல்’. சாவித்திரி பார்வதி, சுந்தராம்பாள் ஔவை. கோபித்துக்கொண்டு பழனிக்கு வந்துவிட்ட முருகனிடம் இருவருமே பேசுகிறார்கள். ஒருவர் தாய், ஒருவர் பாட்டி. சாவித்திரி பேசும் முன்பே கண் பேசிவிடுகிறது. உதட்டோரத்தில் ஒரு சிறு அசைவில் கோபமும் இரக்கமும் மாறி மாறி வந்துபோகும். கேமரா நெருங்க நெருங்க அவரிடம் கிடைப்பது கூடிக்கொண்டே போகும். சுந்தராம்பாளிடம் நெருங்கினால் அந்த அளவுக்குக் கிடைக்காது. அவர் முகம் சின்னச் சின்ன அசைவுகளுக்குப் பழகியதல்ல. ஆனால் அவர் பேசத் தொடங்கியதும், ஒரே வாக்கியத்துக்குள் கொஞ்சலும் கண்டிப்பும் கேலியும் குரலில் திரும்பிக்கொள்கின்றன. அந்த வாக்கியம் எங்கே விருத்தமாக மாறியது என்று சொல்ல முடியாது. சாவித்திரிக்கு இன்னொருவர் பின்னணி பாட வேண்டும். அந்த நேரத்தில் உடல் ஒருவருடையது, மூச்சு இன்னொருவருடையது. சுந்தராம்பாளிடம் அந்தப் பிளவே இல்லை. பின்னணி முறை முழுசாக நிலைத்துவிட்ட காலத்தில், பேச்சும் பாட்டும் ஒரே மூச்சில் வரும் நடிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு மிஞ்சிய பெரிய சாட்சி அவர். அதனால்தான் ‘பாட்டைக் கழித்துப் பார்’ என்ற சோதனை அவர் விஷயத்தில் ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. நாவல் மரத்துக் காட்சி அந்தச் சோதனையில் தேறுகிறது, பழனிக் காட்சியில் அந்தச் சோதனையே தவறாகிவிடுகிறது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. ஏ. பி. நாகராஜன் சங்ககிரிப் பக்கத்துக்காரர், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் பெண் வேடம் போட்டு வளர்ந்தவர். ஔவையையும் முருகனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டால் போதும், வேறு ஜோடனை வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாசனிடம் பணம் இருந்தது. நாகராஜனிடம் தர்க்க மேடையின் ஞாபகம் இருந்தது. கோயமுத்தூர் சின்னப்பா தேவர் 1969-இல் ‘துணைவன்’ எடுத்தார். அதில் பாடியதற்குத்தான் சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீ. கொடுமுடி, சங்ககிரி, கோயமுத்தூர் மூன்றும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் ஊர்கள், மூவருக்கும் முருகன் சொந்தம். ஆனால் தேவர் படத்தில் சுந்தராம்பாள் பாத்திரமாக இல்லை, சன்னிதியாக நிற்கிறார். அவர் வந்தால் பாடுவார், பாடினால் அருள் கிடைக்கும். எழுபதுகளில் வந்த பல படங்கள் இந்த வழியில்தான் போயின. அவற்றை நடிகையின் கணக்கில் வரவு வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரை அறிந்த மண்ணே அவரைச் சாமியாக்கிச் சும்மா உட்கார வைத்த குற்றத்தையும் செய்தது.

மிச்சம் இருப்பது ‘பூம்புகார்’. 1964-இல் வந்தது. மு. கருணாநிதி எழுதியது, ப. நீலகண்டன் இயக்கியது. எஸ். எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. சுந்தராம்பாள் கவுந்தியடிகள். இந்தச் சேர்க்கையே வியப்பானது. திருநீறு அழியாத சைவர், சென்னை மேலவையில் உறுப்பினராக இருந்த காங்கிரஸ்காரர், திமுக எழுத்தாளரின் வசனத்தில் ஒரு சமணத் துறவியாக நடிக்கிறார். அவருக்கும் அந்த வசனத்துக்கும் இடையில் உண்மையான உரசல் இருந்தது. கோவலன் கொலையுண்ட பிறகு பாட வேண்டிய பாட்டில் தெய்வத்தை நேராகக் கேள்வி கேட்கும் ஒரு வரியைப் பாடமாட்டேன் என்று அவர் மறுத்ததும், மாற்றி எழுதிக் கொடுத்த பிறகே பாடியதும் திரையுலகில் காலங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. அந்த வரி விஷயத்தில் நான் எழுதியவர் பக்கம். சிலப்பதிகாரத்துக் கவுந்தி செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறாள். அவ்வளவு நொறுங்கிப் போனவள் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்காமல் இருப்பது பாத்திரத்துக்குப் பொய். ஆனால் திரையில் நடப்பது வேறு. கேள்வி வரியிலிருந்து போனாலும் குரலிலிருந்து போகவில்லை. பாட்டின் சொற்கள் தெய்வத்தை நம்புகின்றன. பாடுகிறவரின் குரலில் நியாயம் கேட்கும் சீற்றம் இருக்கிறது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை அவருடைய வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இந்தப் படத்தில் அவர் யாருக்கும் அற்புதம் செய்வதில்லை. யானை வராது, வரம் கிடையாது. வழித்துணையாக வந்த ஒரு முதிய பெண், தான் ஆற்றுப்படுத்திய இளம் தம்பதியைக் காப்பாற்ற முடியாமல் போகிறாள், அவ்வளவுதான். ஔவைக்குச் சொல்லெல்லாம் பலிக்கும். கவுந்தியின் சொல் பலிக்கவில்லை. சுந்தராம்பாளின் அந்த உரிமைக்குரல் முதல் தடவையாகத் தோற்றுப் போகிற சூழ்நிலையில் வைக்கப்படுகிறது. அதனாலேயே அந்தக் குரலுக்குள் ஒரு மனுஷி தெரிகிறாள். எல்லோரும் ‘ஔவையார்’தான் அவர் சிகரம் என்கிறார்கள். நான் ‘பூம்புகார்’ என்கிறேன். ‘ஔவையார்’ அவருக்குக் கட்டிய கோயில். ‘பூம்புகார்’ அவருக்குக் கிடைத்த பாத்திரம்.

இனி முடிவைச் சொல்லலாம். அகலத்தை வைத்து அளந்தால் கே. பி. சுந்தராம்பாளுக்கு முதல் வரிசையில் இடமில்லை. காதல், தாய்மை, பொறாமை, வீட்டுச் சண்டை, நகைச்சுவை என்று சாவித்திரியும் பானுமதியும் நடமாடிய பரப்பில் அவர் கால் வைக்கவே இல்லை. ஒரு பகுதி அவரே விதித்துக்கொண்ட வேலி, பெரும்பகுதி மற்றவர்கள் போட்டது. ‘நந்தனார்’ அவர் கணக்கில் தோல்வி. கடைசிப் பத்தாண்டில் பல படங்கள் கச்சேரிக்கு அரங்கம் அமைத்துக் கொடுத்தவை. இவையெல்லாம் கழிவு. கழித்த பிறகும் நிற்பவை மூன்று: ‘ஔவையாரி’ல் வாதாடும் இடங்கள், ‘திருவிளையாட’லில் பழனிக் காட்சி, ‘பூம்புகார்’ முழுசும். எண்ணிக்கையில் சின்னது. ஆனால் சொல்லாலேயே நடிக்கிற, எதிராளியைக் கேட்டுக்கொண்டே நடிக்கிற, ஆண்துணை எதையும் சாராமல் அதிகாரத்தோடு நிற்கிற முதிய பெண்ணைத் தமிழ்த் திரையில் அவருக்கு முன்பும் யாரும் நிறுத்தவில்லை, பிறகும் நிறுத்தவில்லை. பண்டரிபாயின் தாய்மார்கள் அழுதார்கள், கண்ணாம்பாவின் அரசிகள் முழங்கினார்கள். வாதாடித் தோற்கவும் தோற்றதை ரசிக்கவும் தெரிந்த கிழவி சுந்தராம்பாள் ஒருவர்தான்.

ஆகவே அவரைப் ‘பாடகி, கொஞ்சம் நடித்தவர்’ என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். குறைவாகவே பயன்படுத்தப்பட்ட பெரிய நடிகை என்று சொல்வதுதான் சரி. 1980-இல் அவர் இறந்தார். பாட்டு ஏதும் இல்லாமல், வசனத்தை மட்டும் நம்பி ஒரே ஒரு பாத்திரம் அவருக்கு எழுத, அதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்பது தமிழ் சினிமாவின் மேல் நிற்கும் குற்றம்.